படுத்த மாடு எழுமா? கடைசி நேர அறிகுறிகளைப் பிரித்தறிவது எப்படி?

கால்நடை கேள்வி-பதில்

“எங்களிடம் 3 கலப்பினக் கறவை மாடுகள் இருந்தன. அதில் ஒன்று, மூன்றாம் ஈத்தில் கிடேரிக் கன்று போட்டது. மறுநாள் காலையில் 9 லிட்டர் கறந்தோம். மதியம் படுத்த மாடு எழவே இல்லை. காது ஐஸ் மாதிரி இருந்தது. தலையை வயிற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டது. சாணமும் போடவில்லை. ‘காது ஜில்லிட்டுப் போச்சு, இனிமே தேறாது, வந்த விலைக்குத் தள்ளி விட்டுடு’ என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தரகரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இனி டாக்டரைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம். இரவு 2 மணிக்கு மாடு இறந்துவிட்டது. ஒரு மாடு சாகப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அன்றைக்கு டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருக்குமா?”

- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், அந்த மாடு பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கிறது. கன்று ஈன்று இரண்டு, மூன்று நாட்களுக்குள் மாடு படுத்துவிடுவது, காது ஜில்லிடுவது, தலையை விலாவின் மீது சாய்த்துக்கொள்வது, மூக்கு நுனி காய்வது, சாணம் நின்றுபோவது எல்லாம் ‘பால் காய்ச்சல்’ நோயின் அடையாளங்கள். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது. உண்மையில் உடம்புச் சூடு குறைந்துபோகும். சீம்பாலுக்காக ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென மடிக்கு இழுக்கப்படுவதால் தசைகள் வேலை செய்ய முடியாமல் மாடு படுத்துவிடுகிறது. நன்றாகப் பால் கறக்கும் மாடுகளுக்கு, மூன்றாவது ஈத்துக்கு மேல் இது அதிகம் வருகிறது.

கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் மருந்தை ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றினால், பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, உடம்பை உதறிக்கொண்டு எழும் மாடுகளும் உண்டு. மருந்து போடாமல் விட்டால், நெஞ்சை ஊன்றிப் படுத்திருந்த மாடு பக்கவாட்டில் சாய்ந்து, நினைவிழந்து, ஒரே நாளுக்குள் இறந்துவிடும். ஆக, ‘காது ஜில்லிட்டுவிட்டது’ என்பது இந்த நோயில் மருத்துவரை உடனே கூப்பிடச் சொல்லும் அறிகுறி. அதையே சாவின் அறிகுறியாக எடுத்துக்கொண்டதால்தான் நேரம் கைநழுவிப் போயிருக்கிறது. இப்படி ஏமாந்தது அந்த ஒரு குடும்பம் மட்டும் அல்ல. கறவை மாடு வைத்திருக்கும் ஊர்களில் எல்லாம் நடப்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. கால்சியம் மருந்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அனுபவம் இருக்கிறது என்று சொல்லும் யாரிடமும் இந்த ஊசியைப் போடச் சொல்லக் கூடாது. படுத்திருக்கும் மாட்டின் வாயில் மருந்தோ கஞ்சியோ ஊற்றவும் கூடாது. விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய், பிழைக்க வேண்டிய மாட்டையும் கொன்றுவிடும். முதல் 2, 3 நாட்கள் மடியை முழுவதுமாக ஒட்டக் கறக்காமல், கன்றுக்குத் தேவையான சீம்பாலும் அதற்குமேல் கொஞ்சமும் மட்டும் கறப்பது நல்லது. ஈனுவதற்கு முந்தைய 3 வாரங்களில், மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து அதிகமாகக் கிடைத்தால், எலும்பில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் உடம்புக்கு மந்தமாகிவிடும்.

சாவைப் போலவே தோன்றும் மற்ற நோய்கள்

பால் காய்ச்சலைத் தவிர இன்னும் சில நோய்களும் மாட்டைச் சாகக் கிடப்பது போலக் காட்டும். நேரத்தோடு பார்த்தால் அவற்றிலும் மீட்க முடியும்.

வயிறு உப்புசம்: இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளம் மேடாகிவிடும். தட்டினால் மேளம் போலச் சத்தம் வரும். மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், நாக்கு வெளியே தள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மாடு நின்றுகொண்டிருந்து, விழுங்கவும் முடிந்தால், 250 முதல் 500 மில்லி வரை கடலெண்ணெயை மெதுவாகப் புகட்டி, முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்திவைத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். புகட்டும்போது தலையை அண்ணாந்து தூக்கவோ, நாக்கை வெளியே இழுக்கவோ கூடாது.

அமில நோய்: பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் அதிகம் வருவது இதுதான். மிஞ்சிய சோறு, பாயசம், அரிசி, மாவு ஆகியவற்றை வயிறு முட்டத் தின்ற மாடு, அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் தள்ளாடும். கண் குழிவிழும். புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும். பிறகு படுத்துவிடும். ‘நேற்று என்ன தின்றது?’ என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சோளத்தட்டு நஞ்சு: இளம் சோளப்பயிர், மழை இல்லாமல் வாடிய சோளம், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பு, மரவள்ளி இலை, மரவள்ளிக் கிழங்குத் தோல் ஆகியவற்றில் சயனைடு நஞ்சு இருக்கும். மேய்ந்த சில நிமிடங்களிலேயே மாடு மூச்சுத் திணறி விழும். அப்போது ஈறு வெளுக்காது, பளிச்சென்று செந்நிறமாக இருக்கும். இதற்கு மாற்று ஊசி இருக்கிறது. ஆனால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது.

வெயில் தாக்கம்: கலப்பின மாடுகள் 106 டிகிரிக்கு மேல் உடம்புச் சூட்டுடன், வாயில் நுரைதள்ளி மூச்சிரைக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

தொழுவத்திலேயே செய்யக்கூடிய 6 சோதனைகள்

மாடு வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி. கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் வேட்டை விலங்கு பிடித்துவிடும் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறிய பயம். அதனால், வெளியே தெரியும்போது நோய் பாதி முற்றியிருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், எண்ணிப் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த 6 சோதனைகளுக்கும் சேர்த்து 10 நிமிடம் போதும்.

1. உடம்புச் சூடு: மாட்டுக்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். எருமைக்குச் சற்றுக் குறைவு. தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் பக்கவாட்டில் படும்படி 2 நிமிடம் வைக்க வேண்டும். உள்ளே போய்விடாமல் இருக்க நுனியில் நூல் கட்டி, கிளிப் போட்டு வால் மயிரோடு மாட்டிக்கொள்ளலாம்.

2. நாடி: வாலைத் தூக்கி, அடியில் ஆசனவாய்க்கு ஒரு கை அகலம் கீழே விரல்களை வைத்தால் துடிப்பு தெரியும். நிமிடத்துக்கு 50 முதல் 80 வரை இயல்பு. 100-ஐத் தாண்டினால் ஆபத்து. 120-க்கு மேல் போய், நூல் போல மெலிந்துகொண்டே வந்தால் பெரிய ஆபத்து.

3. மூச்சு: விலா ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நிழலில் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு.

4. ஈறு: இயல்பான ஈறு இளஞ்சிவப்பு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளையாகி, 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். 4 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். வெளுத்திருந்தால் ரத்தக்குறைவு, மஞ்சளாக இருந்தால் காமாலை, நீலம் பாய்ந்திருந்தால் மூச்சுக்காற்று போதவில்லை. ஈறு இயற்கையாகவே கறுப்பாக இருக்கும் மாடுகளுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

5. வயிற்று அசைவு: இடது பக்கப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், 2 நிமிடத்தில் 2, 3 முறையாவது வயிறு கையைத் தள்ள வேண்டும். ஆரோக்கியமான மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அசைபோடுவது நின்ற நேரத்தைக் குறித்துவைத்தால் மருத்துவருக்கு உதவும்.

6. கண்: கண்ணின் உள் மூலையை விரலால் லேசாகத் தொட்டால் மாடு உடனே இமைக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் 2 விநாடிக்குள் சமமாக வேண்டும். மடிப்பு அப்படியே நின்று, கண்ணும் குழிவிழுந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது.

இந்த 6 விவரங்களையும் தொலைபேசியில் சொன்னாலே, ‘உடனே கிளம்ப வேண்டுமா, காலையில் வந்தால் போதுமா?’ என்று மருத்துவர் முடிவு செய்துவிடுவார். ‘மாடு ஒரு மாதிரியா இருக்குங்க’ என்று மட்டும் சொன்னால் அவராலும் எதுவும் சொல்ல முடியாது.

“எங்கள் வீட்டு நாட்டுப் பசுவுக்கு 16 வயது. 11 நாட்களாகப் படுத்த படுக்கைதான். டாக்டர் இரண்டு தடவை வந்து ஊசி போட்டார். அம்மா தினமும் மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டுகிறார். நேற்று காய்ச்சல் இறங்கிவிட்டது. இனி தேறுமா, முடிவு நெருங்கிவிட்டதா? தெரிந்தால் மனதைத் தயார் செய்துகொள்வோம்.”

- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்.

படுத்த மாட்டைப் பொறுத்தவரை, அது எப்படிப் படுத்திருக்கிறது என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள். நெஞ்சை ஊன்றி, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆள் வந்தால் திரும்பிப் பார்த்து, கொடுத்ததைத் தின்று, எழுந்திருக்க முயற்சி செய்யும் மாட்டுக்கு நம்பிக்கை உண்டு. முதல் 4 நாட்களுக்குள் எழும் மாடுகள்தான் அதிகம். ஒரு வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு குறைகிறது. 10, 14 நாட்கள் கழித்து எழுந்த மாடுகளும் உண்டு என்றாலும், அவை அபூர்வம். பக்கவாட்டில் கால்களை நீட்டிப் படுத்து, நிமிர்த்தி உட்காரவைத்தாலும் திரும்பத் திரும்பச் சாய்ந்து, தீனியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாடு எழுவது மிகவும் கடினம்.

‘காய்ச்சல் இறங்கிவிட்டது’ என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 104 டிகிரியில் இருந்த மாடு 102-க்கு வந்து, காது வெதுவெதுப்பாகி, அசைபோடவும் தொடங்கினால் அது நல்ல செய்தி. அதுவே 100-க்குக் கீழே இறங்கி, காதும் கொம்பின் அடியும் கால்களும் சில்லிட்டு, நாடி மட்டும் வேகமாக இருந்தால், உடம்பு சூட்டைக் காப்பாற்ற முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்று ஈன்ற உடனே படுத்த மாட்டில் இதே குளிர்ச்சி பால் காய்ச்சலாக இருக்கலாம் என்று மேலே சொல்லப்பட்டது. பல நாட்களாக நோயில் கிடக்கும் கிழப்பசுவில் அதற்கு வேறு அர்த்தம். அறிகுறி ஒன்றுதான். முன்கதையைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் தெரியும்.

முடிவு நெருங்கும்போது அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வருகின்றன.

நாட்கணக்கில் இருக்கும்போது: தீனி, தண்ணீர் இரண்டையும் ஒதுக்கும். அசைபோடுவது முற்றிலும் நின்றுவிடும். வயிற்றில் கை வைத்தால் அசைவே தெரியாது. காது தொங்கும். ஈ மொய்த்தாலும் விரட்டாது. கன்று கத்தினாலும், பழகிய குரல் கேட்டாலும் திரும்பிப் பார்க்காது. பல்லை நறநறவென்று கடிப்பதும், மூச்சு விடும்போதெல்லாம் முனகுவதும் வலிக்கான அடையாளங்கள்.

மணிக்கணக்கில் இருக்கும்போது: பக்கவாட்டில் சாய்ந்துவிடும். உடம்புச் சூடு இறங்கும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். அழுத்திய இடத்தில் நிறம் திரும்பாது. வாலடியில் நாடி கைக்குச் சிக்காது. ஆசனவாய் தளர்ந்து, சாணமும் மூத்திரமும் தானாக வழியும். கண்ணின் மூலையைத் தொட்டாலும் இமைப்பது மெதுவாகும்.

நிமிடக்கணக்கில் இருக்கும்போது: மூச்சு ஒழுங்கில்லாமல் போகும். நீண்ட நேரம் மூச்சே இல்லாமல் இருந்து, திடீரென வாயைத் திறந்து ஒரு பெருமூச்சு வரும். கழுத்து பின்பக்கமாக வளையும். கால்கள் நீச்சலடிப்பது போல அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நினைவு பெரும்பாலும் போயிருக்கும் என்பதால், மாடு துடிப்பது போல நமக்குத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் தசைகளின் இழுப்புதான்.

முதல் நிலையில் இருக்கும்போதே மருத்துவரை மறுபடி அழைத்து, ‘இனி வைத்தியமா, அமைதியா?’ என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. கேட்காதவரை பல மருத்துவர்கள் தாங்களாக அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கடைசி நாட்களில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. செய்யக் கூடாதவைதான் அதிகம். மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அம்மாவின் பாசம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால், விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்குக் கஞ்சி நுரையீரலில் இறங்கி மூச்சுத் திணறலைத்தான் கொடுக்கும். அதற்குப் பதிலாக, ஈரத்துணியால் வாயையும் மூக்கு நுனியையும் துடைத்துவிடலாம். முகத்துக்கு அருகில் தண்ணீரும் பசும்புல்லும் வைக்கலாம். விருப்பம் இருந்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். கயிற்றையும் மூக்கணாங்கயிற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். சிமென்ட் தரையில் கிடத்தாமல், மணலோ வைக்கோலோ ஓர் அடி உயரத்துக்குப் பரப்ப வேண்டும். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் அடியில் இருக்கும் தொடைத் தசை நசுங்காது, புண் வராது. காக்கை கொத்தாமலும் ஈ முட்டையிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்குவது, கண்ணில் மிளகாய்ச்சாறு விடுவது, சூடு போடுவது போன்றவை மாட்டை எழுப்புவதில்லை. கடைசி நேரத்தை நரகமாக்கிவிடுகின்றன.

வைத்தியம் பலிக்காது, வலியும் குறையாது என்று மருத்துவர் சொன்னால், ஊசி மூலம் அமைதியாக முடித்துவைக்கக் கேட்கலாமா என்பது பல குடும்பங்கள் வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மீள முடியாமல் துன்புறும் விலங்கின் உயிரைத் துன்பமில்லாமல் முடிப்பது பற்றித்தான் சொல்கிறது. உள்ளூர் கால்நடை உதவி மருத்துவரிடம் பேசினால் நடைமுறையைச் சொல்வார். பூச்சிமருந்து கொடுப்பது, அடித்துக் கொல்வது, நடக்க முடியாத மாட்டை வண்டியில் ஏற்றி விற்பது ஆகியவை கொடுமை மட்டுமல்ல, குற்றமும்கூட.

வலி மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவது 2006-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். முதுமலை, சத்தியமங்கலம், மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காப்பாற்றுவது அந்தப் பகுதி விவசாயிகளின் கையில் இருக்கிறது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று: எச்சில் ஒழுக, தொண்டை கட்டிய குரலில் ஓயாமல் கத்திக்கொண்டு, விழுங்க முடியாமல், பின்னங்கால் தள்ளாடும் மாட்டைப் பார்த்தால் ‘தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது’ என்று வாய்க்குள் கையை விடக் கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அந்த மாடு பிழைக்காது. கையை விட்டவர்கள், எச்சில் பட்டவர்கள் உடனே சோப்பு போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

“வெள்ளாடுகள் முதல் நாள் மாலை நன்றாக இருந்து, காலையில் செத்துக் கிடக்கின்றன. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?”

- ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

‘நன்றாக இருந்தது’ என்பது பல நேரங்களில் மேலோட்டமாகப் பார்த்ததுதான். ஆட்டின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்ப்பதை 15 நாளுக்கு ஒருமுறை பழக்கமாக்கிக்கொள்ளலாம். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிர் ரோஜா நிறமானால் எச்சரிக்கை. காகிதம் போல வெளுத்திருந்தால், குடல்புழுக்கள் ரத்தத்தை உறிஞ்சிவிட்டன. அந்த ஆடு இன்றோ நாளையோ விழும். இதை 5 நிறங்களாகப் பிரித்து அட்டையாக்கி, முதலில் பயன்படுத்தியது தென்னாப்பிரிக்காவில். இப்போது பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்குவதும் அதே ரத்தக்குறைவின் அடையாளம். இந்த நிலையிலும் மருத்துவர் சொல்லும் குடற்புழு மருந்தும் நல்ல தீனியும் பல ஆடுகளைக் காப்பாற்றும்.

ஆனால், மழை பெய்து இளம்புல் தழைத்த சமயத்தில் கொழுத்த குட்டிகளாகப் பார்த்துத் திடீரென விழுந்தால், அது துள்ளுமாரி நோயாக இருக்கலாம். மேய்ந்துகொண்டிருக்கும்போதே துள்ளி விழுந்து, கழுத்து வளைந்து, கால் உதைத்துச் சாகும். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற நேரம் இருப்பதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் ஒரே வழி.

“மாடு இறந்துவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? இறந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?”

- ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்.

மூச்சு நின்ற பிறகும் இதயம் சில நிமிடங்கள் துடிக்கலாம். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கண்ணின் கருவிழியைத் தொட்டாலும் இமை அசையாமல், கண்மணி விரிந்து, 5 நிமிடத்துக்கு மேல் மூச்சும் துடிப்பும் இல்லாமல் இருந்தால் உயிர் பிரிந்துவிட்டது.

ஆனால், நெஞ்சில் காதை வைப்பதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். நன்றாக இருந்த மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் உறையாமல் வழிந்து, உடல் வேகமாக உப்பினால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். மனிதர்களையும் கொல்லக்கூடிய நோய் இது. அப்படிப்பட்ட மாட்டைத் தொடக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, கறியைப் பங்கு போடக் கூடாது. உடலைத் திறந்தால் நோய்க்கிருமிகள் விதை போன்ற உறைக்குள் புகுந்து, பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடந்து, மேயவரும் கால்நடைகளைக் கொல்லும். உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொன்னால், காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துச் சோதிப்பார்.

எந்த நோயில் இறந்தாலும், கிணறு, ஏரி, வாய்க்காலுக்குத் தள்ளி, குறைந்தது 6 அடி ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வழிந்த ரத்தமும் சாணமும் பட்ட மண், வைக்கோல் எல்லாவற்றையும் அதே குழியில் போட்டுவிட வேண்டும்.

காப்பீடு செய்த மாடு என்றால், புதைப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தகவல் கொடுக்க வேண்டும். காதுவில்லையோடு தெளிவான புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காதுவில்லையும் மருத்துவரின் இறப்புச் சான்றும் இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம். மாடு உயிரோடு இருக்கும்போதே காதுவில்லை விழுந்துவிட்டால், அன்றைக்கே சொல்லி மாற்று வில்லை போட்டுக்கொள்வது நல்லது.

தொழுவத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு தெர்மாமீட்டர், ஒரு லிட்டர் கடலெண்ணெய், மாடு ஈன்ற தேதியும் கொடுத்த மருந்தும் எழுதிய நோட்டு, உள்ளூர் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண். கால்நடை ஆம்புலன்ஸுக்கான கட்டணமில்லா எண் 1962. இந்த இரண்டு எண்களையும் தொழுவச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தால், வீட்டில் யார் இருந்தாலும் நேரம் வீணாகாமல் கூப்பிட முடியும்.